பதரும் ஈரமும்: நெல்லின் தரம் அளந்த கருவிகள்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பேருந்தை விட்டு இறங்குவோர் அன்றாடம் கடந்துசெல்லும் திடலுக்குப் புத்தரிக்கண்டம் என்று பெயர். மலையாளத்தில் கண்டம் என்றால் வயல். புத்தரி என்றால் புது அரிசி. ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலின் நிறைபுத்தரிச் சடங்குக்குரிய நெற்கதிர் ஒரு காலத்தில் விளைந்த நிலம் அது. இன்று அங்கே பொருட்காட்சிகளும் பொதுக்கூட்டங்களும் நடைபெறுகின்றன. திடலுக்கு அருகிலேயே சாலைக் கடைத்தெரு தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கிய அங்காடி அது, ஆ. மாதவனின் கதைகளால் தமிழ் வாசகர்களுக்கும் நன்கு பழகிய தெரு.

வயலும் கடைத்தெருவும் இத்தனை அருகில் இருந்தாலும், இரண்டுக்கும் இடையே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று எப்போதும் இருந்து வந்திருக்கிறது. இந்த மூட்டையில் இருப்பது எவ்வளவு என்பதன்று அக்கேள்வி. அதில் நெல் எவ்வளவு, பதர் எவ்வளவு, மண் எவ்வளவு, நீர் எவ்வளவு என்பதே. விற்பவர் ஒரு விடை சொல்வார். வாங்குபவர் வேறொரு விடை சொல்வார். அந்தச் சரக்கின்பேரில் கடன் கொடுக்கும் வங்கிக்கோ இருவரின் சொல்லும் போதாது. நெல்லின் தரத்தை அளக்கும் கருவிகளின் வரலாறு என்பது பெரிதும் இந்த மூவரின் ஐயங்களின் வரலாறு என்றே நமக்குத் தோன்றுகிறது.

முதற்கருவி மனிதனின் உடல். நெல் வணிகத்தில் பழகியவர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை நுழைப்பார். காய்ந்த நெல் விரல்களின் இடையே சரசரவென்று நழுவும். ஈரநெல் கையோடு ஒட்டும். நாட்பட்டுப் புழுங்கிய நெல்லில் உள்ளே ஒரு வெம்மை தெரியும். பின்னர் ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பார். ‘கடுக்’ என்று முறிந்தால் காய்ந்தது. நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் உமியும் பதரும் பறந்து, எஞ்சியது எவ்வளவு என்பது தெரியும். இவை மதிப்புக் குறைந்த முறைகள் அல்ல. ஆனால் இவற்றின் விடையை எழுதி வைக்க இயலாது. ஒருவரின் பல்லுக்குக் காய்ந்தது இன்னொருவரின் பல்லுக்குக் காயாததாகலாம்.

எழுதி வைக்கத்தக்க விடையை முதலில் தந்தவை முகத்தல் அளவைகள். கேரளத்தில் நான்கு நாழி கொண்டது ஓர் இடங்கழி. பத்து இடங்கழி ஒரு பறை. திருவனந்தபுரத்துக்கு நெல் அனுப்பிய நாஞ்சில் நாட்டில் மரக்காலும் கோட்டையும் வழங்கின. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைக் கொண்ட அந்த நெற்களஞ்சியம் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழ்நாட்டுடன் இணையும் வரை இங்கிருந்தே ஆளப்பட்டது என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆகவே இரு மொழி அளவைகளும் ஒரே சந்தையில் கலந்து புழங்கின.

பறையைக் கையாள்வதில் ஒரு நுட்பம் உண்டு. திருமண வீட்டில் நிறைபறை வைக்கும்போது நெல்லைக் கூம்பாகக் குவித்து, தென்னம்பூக்குலையை நடுவில் நிறுத்துகிறோம். அது மங்கலம், அங்கே எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. வணிகத்திலோ கோலால் விளிம்பை வழித்துத் தலைதட்டி அளக்க வேண்டும். குவித்து வாங்கித் தலைதட்டிக் கொடுத்தால் ஒவ்வொரு பறையிலும் ஆதாயம். நெல்லை உயரத்திலிருந்து கொட்டினால் அது நெருங்கி அமரும். மெல்லச் சரித்தால் இடைவெளி விட்டு நிற்கும். பறையை ஒரு தட்டுத் தட்டினாலே மேல்மட்டம் இறங்கிவிடும். பாட்டம் வாங்க ஒரு பறை, கூலி கொடுக்க வேறொரு பறை என்ற மனக்குறையும் கேரளத்து வேளாண் வாழ்வில் நெடுங்காலம் இருந்தது.

இவற்றையெல்லாம் சீர்செய்துவிட்டாலும் பறைக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. பதர் இடத்தை அடைக்கும். ஆனால் அரிசி தராது. பாதி பொக்கான நெல்லும் முழுதாய் விளைந்த நெல்லும் ஒரே பறையை ஒரே போல நிரப்புகின்றன. அதனால்தான் அளப்பதற்கு முன் தூற்றுதல் கட்டாயமாயிற்று. காற்றில் தூற்றுவதும் சுளகில் புடைப்பதும் வெறும் துப்புரவுப் பணிகள் அல்ல. தூற்றுமுன் ஓர் அளவும் தூற்றியபின் ஓர் அளவும் எடுத்தால், கிடைப்பது பதரின் விழுக்காடு. ஆய்வுக்கூடத்தில் இன்று காற்றூதியால் செய்யப்படும் சோதனையும் அடிப்படையில் இதுவே.

விதைநெல்லுக்கு இன்னும் நுட்பமான ஒரு முறை வழங்குகிறது. நீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, அதில் இட்ட கோழிமுட்டை மிதந்து அதன் மேற்புறம் ஒரு நாணய அளவுக்கு வெளியே தெரியும்போது நிறுத்த வேண்டும். அந்தக் கரைசலில் விதையைக் கொட்டினால் பொக்கும் அரைவிளைச்சலும் மிதக்கும். திரண்ட மணி அடியில் தங்கும். முட்டைதான் இங்கே அடர்த்திமானி! விலை குறைந்த கருவிகளில் இதைப்போல் நம்மைக் கவர்ந்தது வேறில்லை. (தேர்ந்த விதையை நல்ல நீரில் இருமுறை அலசிய பிறகே விதைக்க வேண்டும், உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.)

நெல் எவ்வளவு அரிசி தரும் என்பது அடுத்த கேள்வி. இதற்கு நமக்குத் தெரிந்த பழைய எழுத்துச் சான்றுகளுள் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் முக்கியமானவை. கோயிலின் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்கால் ‘ராஜகேசரி’ என்னும் மரக்காலுக்கு இணையானது என்று அவை குறிக்கின்றன. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற விகிதத்தையும் கூறுகின்றன. அதாவது அளவைக்குப் பெயர் சூட்டி நிலைப்படுத்தியதோடு, நெல்லிலிருந்து கிடைக்க வேண்டிய அரிசிக்கும் ஓர் எண் வைத்துவிட்டார்கள். குற்றுவோரும் பண்டாரத்தாரும் வழக்கிட இடமில்லை.

இன்றைய எண்ணோடு இதை ஒப்பிடுவதில் கவனம் வேண்டும். மத்தியத் தொகுப்புக்காக நெல் அரைக்கும் ஆலைகள் 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசியானால் 67 கிலோவும் புழுங்கல் அரிசியானால் 68 கிலோவும் தர வேண்டும் என்பது விதி. ஐந்துக்கு இரண்டு என்றால் 40 விழுக்காடுதானே, முன்னோர் ஏமாந்தனரோ என்று எண்ண வேண்டா. கல்வெட்டு சொல்வது முகத்தல் அளவு. இன்றைய விதி எடை. உமி நீங்கிய அரிசி நெல்லைவிட நெருக்கமாக அமர்வதால், எடையில் 67 என்பது படியில் அளந்தால் ஏறத்தாழப் பாதிதான் வரும். எஞ்சிய வேறுபாடு எவ்வளவு தீட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. கேரளத்து ஆலை உரிமையாளர்களோ, இங்குள்ள ஈரக்காற்றில் விளையும் நெல்லுக்கு 68 எட்டாது என்று நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். அரிசி விகிதம் பற்றிய வழக்கு தஞ்சைக் கல்வெட்டோடு முடிந்துவிடவில்லை.

அளவையால் தெரியாத பதரைக் காட்டிக்கொடுக்க ஐரோப்பியர் கண்ட கருவி காண்ட்ரோமீட்டர். மணி, தானியம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஒரு சிறிய மரப்பெட்டி. அதனுள் பித்தளை வாளி ஒன்று, ஒரு கைத்துலாக்கோல், விளிம்பை வழிக்க ஒரு தட்டை. வாளியில் தானியத்தை நிரப்பி, தலைதட்டி, துலாக்கோலில் தொங்கவிட்டு எடையை நகர்த்தினால், கோலில் பொறித்த எண் ஒரு புஷல் தானியம் எத்தனை பவுண்டு எடையிருக்கும் என்பதை நேராகவே சொல்லிவிடும். வணிகர் சட்டைப்பை அளவிலும் இது கிடைத்தது. லண்டனில் தானிய வணிகத்தின் மையமாயிருந்த மார்க் லேன் தெருவின் கார்கொரன் நிறுவனம் செய்த பெட்டிகளைப் பழம்பொருள் விரும்புவோர் இன்றும் தேடிப் பெறுகின்றனர்.

இதன் கருத்து மிக எளியது. பறை இடத்தை மட்டும் அளக்கிறது. தராசு எடையை மட்டும் அளக்கிறது. இரண்டையும் ஒரே மாதிரியில் சேர்த்து எடுத்தால் மணி எவ்வளவு திரண்டது என்பது வெளிப்படும். திரண்ட கோதுமை ஒரு ஹெக்டோலிட்டருக்கு, அதாவது 100 லிட்டருக்கு, ஏறத்தாழ 76 முதல் 80 கிலோ வரை நிற்கும். சுருங்கிய கோதுமை அதை எட்டாது. நிரப்பும் கையின் சூழ்ச்சியைத் தவிர்க்கப் பிற்காலக் கருவிகளில் புனலும் ஒரே உயரத்திலிருந்து விழும் எடையும் சேர்க்கப்பட்டன; கொட்டும் உயரம் எவர் கையிலும் இல்லை. நெல்லுக்கு இக்கருவி அத்துணைப் பயன்படவில்லை. உமியின் வடிவமும் சொரசொரப்பும் இடைவெளியை மாற்றிவிடுவதால், நெல்லை ஒரு மாதிரி குற்றிப் பார்ப்பதே உறுதியான வழியாக நின்றது.

காண்ட்ரோமீட்டருக்கு அகப்படாத ஒன்று உண்டு: மண். மண் கனமானது; தானியத்தோடு கலந்தால் எடை கூடும். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் இந்தியக் கோதுமை பெருமளவில் இங்கிலாந்துக்குச் சென்றது. அங்கே வழங்கிய ஒப்பந்தங்களில் ‘ரிஃப்ராக்ஷன்’ என்னும் பெயரில் 5 விழுக்காடு வரை கலப்புக்கு இடமிருந்தது. விளைவு என்ன? தூய கோதுமை அனுப்பியவருக்குக் கூடுதல் விலை இல்லை. ஆகவே களத்தில் தூயதாயிருந்த கோதுமையிலும் துறைமுகம் சேருமுன் அந்த 5 விழுக்காடு வந்து சேர்ந்தது. 1880களில் இது பெரும் விவாதமாகி அரசின் விசாரணை வரை சென்றது. உழவரை ஏமாற்றுக்காரர் என்றனர் சிலர். குற்றம் ஒப்பந்தத்தில் இருந்தது என்பதே நம் கருத்து. தரவிதி எதை மன்னிக்கிறதோ அது சந்தையில் வழக்கமாகிவிடுகிறது.

கலப்பைக் கண்டறிவதில் வணிகரின் துணைவன் குத்தூசி. கூர்நுனியும் உட்குழிவும் கொண்ட இந்த இரும்புக் கருவியைச் சாக்கின் இழைகளுக்கிடையே குத்தி இழுத்தால், குழிவின் வழியே ஒரு பிடி தானியம் வெளிவரும். சாக்கு கிழிவதில்லை, விரலால் தேய்த்தால் துளையும் மூடிக்கொள்ளும். பார்க்க எளிய கருவி. ஆனால் மற்ற எல்லாக் கருவிகளின் நேர்மையும் இதைச் சார்ந்தது. மூட்டையின் வாயில் நல்ல நெல்லும் நடுவில் கலப்பும் இருக்கக்கூடும். கல்லும் மண்ணும் அடியில் தங்கும்; பதர் மேலே மிதக்கும். ஒரே மூட்டையில் ஒரே இடத்தில் குத்தி எடுத்த மாதிரியை எவ்வளவு உயர்ந்த கருவியில் இட்டாலும் பெறும் விடை அந்த ஒரு பிடிக்கு மட்டுமே பொருந்தும். எனவேதான் பல மூட்டைகளில், மேல், நடு, அடி என்று வெவ்வேறு ஆழங்களில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, பிரித்துப் பிரித்துச் சிறிதாக்க வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன.

திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து பெற்ற நாடு. அதில் பர்மா அரிசிக்குப் பெரிய இடம் இருந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்ததும் அந்த வழி அடைபட்டது. பங்கீட்டு முறை வந்தது. கிடைத்ததை உண்ண வேண்டிய அந்நாட்களில் அரிசியின் தரத்தைக் கடைக்காரருடன் பேசித் தீர்க்கும் உரிமை வாங்குபவரிடம் இல்லாமற்போயிற்று. தரம் என்பது அரசு பொறுப்பேற்க வேண்டிய பொருளாயிற்று. விளைபொருள்களைத் தரம்பிரித்துக் குறியிடும் சட்டம் 1937இலேயே வந்திருந்தது. அக்மார்க் முத்திரை அதன்வழி வந்ததே. 1965இல் இந்திய உணவுக் கழகம் தோன்றியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. இதற்கிடையே, 1956இன் அளவைச் சட்டப்படி 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் புகுந்து, சில ஆண்டுகளில் பறையும் மரக்காலும் வணிகத்திலிருந்து விடைபெற்றன.

முகத்தலிலிருந்து நிறுத்தலுக்கு மாறியதும் பதரின் செல்வாக்கு குறைந்தது. அதற்கு எடை இல்லை. ஆனால் வேறொரு மறைபொருள் தலைதூக்கியது. நீருக்கு எடை உண்டு! பறையின் கண்ணுக்குப் பதர் தெரியாததுபோல, தராசின் கண்ணுக்கு ஈரம் தெரியாது.

ஈரத்தை அளக்க ஐயமற்ற வழி, நிறுத்து, சூட்டடுப்பில் உலர்த்தி, மீண்டும் நிறுப்பதே. அதற்குப் பல மணி நேரம் ஆகும், வண்டி காத்திருக்காது. 1907இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த பிரவுன், டுவல் இருவரும் ஒரு விரைவு முறையை வெளியிட்டனர். தானியத்தை எண்ணெயில் இட்டுச் சூடேற்றினால் அதிலுள்ள நீர் ஆவியாகும். அந்த ஆவியைக் குளிர்வித்து, கோடிட்ட கண்ணாடிக் குழாயில் சொட்டவிட்டு அளக்கலாம். தானியத்தினுள் மறைந்திருந்த நீரைக் கண்ணெதிரே குழாயில் காட்டியது என்பதால், விற்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொள்ள நல்ல கருவி அது. பின்னர் மின்கருவிகள் வந்தன. ஈரமான மணி மின்சாரத்தை எளிதில் கடத்தும், காய்ந்த மணி கடத்தாது என்பதே அவற்றின் அடிப்படை. நம் கொள்முதல் நிலையங்களில் காணும் ஈரப்பதமானிகளில் ஒரு வகையில், மாதிரியைக் கிண்ணத்திலிட்டுத் திருகால் குறிப்பிட்ட தடிமனுக்கு நெருக்கி, பொத்தானை அழுத்தி, வெப்பநிலைக்கேற்பத் திருத்தி எண்ணைப் படிக்கிறார்கள்.

இங்கே இரண்டு செய்திகள் உழவர்க்குப் பயன்படும். கருவி நீரை நேராக அளப்பதில்லை. மின்பண்பை அளந்து அதிலிருந்து ஈரத்தைக் கணிக்கிறது. ஆகவே எந்தத் தானியத்துக்கு அளவு திருத்தப்பட்டதோ அதற்குத்தான் சரியாகச் சொல்லும். மேலும், பனியிலோ தூறலிலோ நனைந்து மேற்புறம் மட்டும் ஈரமான நெல், உள்ளே காய்ந்திருந்தாலும் கூடுதலாகக் காட்டக்கூடும். சற்றுநேரம் பரப்பிவைத்து மீண்டும் அளக்கக் கோருவது நியாயமே.

கொள்முதலுக்கு வரும் நெல்லில் 17 விழுக்காடு ஈரம் வரை ஏற்கலாம் என்பது பொதுவிதி. மழைக்காலங்களில் அரசு இதைத் தளர்த்துவதுண்டு. கூடுதல் ஈரத்துக்குக் கழிவு எவ்வளவு என்பதில்தான் பூசல் எழுகிறது; குட்டநாட்டு வரப்புகளில் அறுவடைதோறும் கேட்கும் ‘கிழிவு’ வழக்கும் இதுவே. கணக்கு கடினமன்று. 22 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் நீர் போக 78 கிலோ நிற்கிறது. 17 விழுக்காட்டு நெல்லில் அது 83. ஆகவே 78ஐ 83ஆல் வகுத்தால், அந்த 100 கிலோ காய்ந்தபின் ஏறத்தாழ 94 கிலோ; கழிவு 6 கிலோ. 2025–26ஆம் பருவத்தின் சாதாரண ரகத்துக்கான ஆதரவு விலையான 2,369 ரூபாய்க்கு இது குவிண்டாலுக்கு ஏறத்தாழ 142 ரூபாய். ஈரம் 20 ஆனால் கழிவு 3.6 கிலோ, 19 ஆனால் 2.4 கிலோ. ஈரமானியின் எண்ணைப் பார்க்காமலேயே இத்தனை கிலோ என்று ஒருவர் கேட்டால், அந்த எண்ணை எழுதித் தரும்படி முதலில் கேட்க வேண்டும்.

இதில் வங்கிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கேரளத்தில் சப்ளைகோ கொள்முதல் செய்யும் நெல்லுக்கு உழவரிடம் பி.ஆர்.எஸ். எனப்படும் ரசீதுச் சீட்டு தரப்படுகிறது. அதன் அடிப்படையிலேயே வங்கிகள் தொகையை வழங்குகின்றன. கழிவு போக அச்சீட்டில் எழுதப்பட்ட எடைதான் உழவரின் பணம். களத்தில் தவறவிட்ட 3 கிலோவைக் கிளையின் முகப்பில் எவராலும் மீட்டுத்தர முடியாது. கிடங்கில் வைத்துக் கடன் பெறுவோர்க்கும் இது பொருந்தும். 2007இன் கிடங்கு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. 2017 முதல் மின்னணுக் கிடங்கு ரசீதுகள் வழங்கப்படுகின்றன. அந்த ரசீதில் எடையோடு தரமும், எவ்வளவு காலம் சரக்கு கெடாமல் நிற்கும் என்பதும் குறிக்கப்படும். 14 விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள நெல்லை மூட்டையிட்டு அடுக்கினால் பூஞ்சையும் பூச்சியும் பெருகும். மூன்று மாதத்தில் அடமானப் பொருளின் மதிப்பு கடன் தொகைக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். எனவே சேமிப்புக்கு வைப்பவர், கொள்முதலுக்குரிய 17 போதும் என்று எண்ணிவிடாமல், இன்னும் இரண்டு வெயில் காயவைப்பது நல்லது. காய்ந்ததால் குறையும் எடையை எண்ணி வருந்துவோர் உண்டு; குறைந்தது நீர்தான், நெல்லன்று.

கிடங்குகளில் தரம் பார்க்கும் மேசை இன்னும் பழைய கோலத்திலேயே உள்ளது: வெள்ளை எனாமல் தட்டு, இடுக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடி, அடுக்குச் சல்லடைகள், சிறு தராசு. தட்டில் மாதிரியைப் பரப்பி, நிறம் மாறியது, முளைத்தது, வண்டு துளைத்தது, முதிராதது என்று ஒவ்வொரு மணியாக ஒதுக்கி நிறுக்கிறார்கள். நெல்லில் கல்மண் 1 விழுக்காடு, பதரும் வைக்கோலும் போன்ற பிற கழிவு 1 விழுக்காடு, முதிராததும் சுருங்கியதும் 3 விழுக்காடு என்று வரம்புகள் உண்டு. கண்ணின் களைப்பையும் ஆளுக்கு ஆள் மாறும் தீர்ப்பையும் தவிர்க்க, மணிகளைப் படமெடுத்துக் கணினியால் தரம்பிரிக்கும் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. உடைந்த அரிசியை அவை நொடிப்பொழுதில் எண்ணிவிடுகின்றன. எனினும் அவற்றின் தட்டில் வைக்கும் அந்த ஒரு பிடியை மூட்டையிலிருந்து எடுத்துவருவது இன்றும் குத்தூசிதான். அது எந்தெந்த மூட்டையில், எந்த ஆழத்தில் குத்தப்படுகிறது என்பதைச் சரக்குக்கு உரியவர் அருகில் நின்று பார்க்கலாம்.